சிறப்புப் பதிப்பு கறுப்பு வெள்ளை ஃபிலிம்: கூடுதல் விலை எதற்கு?

கேள்வி இதுதான்: ஒரு வடிவமைப்பாளரின் கைவண்ணத்தில், குறைந்த எண்ணிக்கையில் வெளியான கறுப்பு வெள்ளை இன்ஸ்டன்ட் ஃபிலிம் (எடுத்த கையோடு கேமராவிலிருந்தே படம் வெளிவரும் வகை) பெட்டி ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. சாதாரணப் பெட்டியைவிட விலை அதிகம். உள்ளே இருக்கும் ஃபிலிம் உண்மையிலேயே வேறா, அல்லது அட்டையும் படத்தைச் சுற்றிய விளிம்பும் மட்டும்தான் வேறா? வாங்கினால் எடுத்துத் தீர்ப்பதா, பிரிக்காமல் பத்திரப்படுத்துவதா?

பெரும்பாலான சிறப்புப் பதிப்புகளில் ஃபிலிம் ஒன்றேதான். அதே தொழிற்சாலை, அதே ரசாயனம். மாறுவது பெட்டியும் விளிம்பும். ரசாயனத்திலேயே கை வைத்த பதிப்புகளும் உண்டு, ஆனால் அவை சிறுபான்மை. இவற்றை எப்படிப் பிரித்தறிவது என்று பின்னால் சொல்கிறேன். 'விளிம்புக்காகவா இவ்வளவு பணம்?' என்று உடனே உதறிவிட வேண்டாம். வண்ண ஃபிலிமில் அந்தக் கேள்வி நியாயமானது. கறுப்பு வெள்ளையில் விளிம்பு படத்தோடு நேரடியாக உறவாடுகிறது. அதனால் பிடித்த விளிம்பு என்றால் வாங்குங்கள், வாங்கிய சூட்டோடு எடுத்து முடியுங்கள் என்பதே என் பதில்.

இன்ஸ்டன்ட் ஃபிலிமுக்குப் பேர்போன போலராய்டு நிறுவனத்தின் படம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முழுத் தாள் 107 மில்லிமீட்டர் உயரம், 88 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் படம் 79 மில்லிமீட்டர் சதுரம். மூன்று பக்கமும் விளிம்பு ஒடுங்கியிருக்க, கீழே மட்டும் அகன்றிருக்கும். தேதியும் பெயரும் எழுதுவதற்காக விட்ட இடம் என்றே பலரும் நினைக்கிறார்கள். விரலால் தடவினால் வேறு கதை தெரியும். அங்கே லேசான புடைப்பு இருக்கும். அதற்குள் இருப்பது, காரத்தன்மையுள்ள ரசாயனப் பசை அடைத்த மெல்லிய உறை. ஷட்டர் மூடியதும் படம் இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுங்கி வெளியே வருகிறது. உறை உடைந்து, பசை ஒரே சீரான படலமாகப் படத்தின் மறுமுனை வரை பரவுகிறது. மிஞ்சியதைப் பிடித்து வைத்துக்கொள்வது எதிர்ப்பக்க விளிம்பு. உலகமே அடையாளம் கண்டுகொள்ளும் அந்த வெள்ளைச் சட்டம் இப்படி வேதியியல்காரர்களின் தேவையில் பிறந்தது. வடிவமைப்பாளர்கள் அதன்மீது பின்னால்தான் கை வைத்தார்கள்.

கறுப்பு வெள்ளைக்கும் விளிம்புக்கும் என்ன உறவு? கண் எந்தச் சாயலையும் தனியாக அளப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே அளக்கிறது. இன்ஸ்டன்ட் கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளை சுத்தமான வெள்ளையாக இருக்காது, பாலேட்டின் நிறம் கொஞ்சம் கலந்திருக்கும். கறுப்பும் அட்டைக் கறுப்பாக இருக்காது, அடர்ந்த சாம்பலோடு நின்றுவிடும். இப்போது என் மேசையில் இரண்டு படங்கள் இருக்கின்றன. அதே ஜன்னல், அதே நாற்காலி, அதே பிற்பகல் வெளிச்சம். ஒன்றுக்கு வெள்ளை விளிம்பு, மற்றதற்குக் கறுப்பு. வெள்ளை விளிம்புப் படத்தில் நாற்காலியின் நிழல் திடமாக நிற்கிறது, ஆனால் ஜன்னல் கண்ணாடி மங்கித் தெரிகிறது. பக்கத்திலேயே அதைவிடப் பளிச்சென்ற வெள்ளை இருப்பதால். கறுப்பு விளிம்புப் படத்தில் ஜன்னல் விளக்கு ஏற்றியதுபோல எழுந்து வருகிறது. நிழல்தான் நஷ்டப்படுகிறது. அச்சு மையின் கறுப்புக்கு முன்னால் அது சாம்பல் என்று அம்பலமாகிவிடுகிறது.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த கைவிதி ஒன்று. வெளிச்சம் பேச வேண்டிய படங்களுக்குக் கறுப்பு விளிம்பு: விளக்கு, ஜன்னல், மேகம், வெள்ளைச் சட்டை போட்ட ஆள். நிழலும் உருவ வரையும் பேச வேண்டிய இடத்தில் வெள்ளை விளிம்பு. வெள்ளையில் தொடங்கிக் கறுப்பு வரை சாம்பலின் பல படிகளில் விளிம்பு அச்சிட்ட பதிப்பு ஒன்றையும் போலராய்டு வெளியிட்டிருக்கிறது. கறுப்பு வெள்ளைக்காகவே யோசித்துச் செய்த பதிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நடுச் சாம்பல் விளிம்பு, படத்தின் வெள்ளையையும் கறுப்பையும் காட்டிக்கொடுக்காமல் தாங்கிப் பிடிக்கிறது. அடர் சிவப்பு, மஞ்சள் போன்ற அழுத்தமான நிற விளிம்புகளில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. முதலில் விளிம்பு, பிறகு படம் என்ற வரிசையில் பார்வை போகிறது. உள்ளே இருப்பது ஒரே ஒரு முகம், பின்னணி வெறுமை என்றால் அது எடுபடும். நுணுக்கம் நிறைந்த தெருக்காட்சி என்றால் விளிம்பே ஜெயிக்கும்.

வடிவமைப்பாளரின் பெயரில் பெட்டி விற்பது புது வியாபாரத் தந்திரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. பால் ஜியம்பார்பா என்ற வடிவமைப்பாளர் 1958இல் போலராய்டுக்காக வேலை செய்யத் தொடங்கினார். கடை அலமாரியில் போட்டி நிறுவனமான கோடாக்கின் மஞ்சள் பெட்டிகளுக்கு நடுவே போலராய்டு தனித்துத் தெரிய வேண்டும். கறுப்பை ஆயுதமாக எடுத்தார். 1960களின் கடைசியில் அதன்மேல் வண்ணப் பட்டைகள் வந்து சேர்ந்தன. இன்றைய பெட்டிகளிலும் அந்தப் பட்டைகளின் வாரிசுகளைத்தான் பார்க்கிறோம். பெட்டியையே சேகரிக்கத் தகுந்த பொருளாக்கியவர் என்று அவரைச் சொன்னால் மிகையில்லை.

ஃபிலிமின் உள்ளே நடப்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பது அதில்தான் தெரியும்.

வண்ண இன்ஸ்டன்ட் படத்தில் நீங்கள் காண்பது சாயங்கள். போலராய்டின் கறுப்பு வெள்ளைப் படத்தில் காண்பது வெள்ளி, உலோக வெள்ளியின் நுண்துகள்கள். ஒளி பட்ட வெள்ளி உப்புத் துகள்கள் நெகடிவ் அடுக்கிலேயே வெள்ளியாக மாறி அங்கேயே தங்கிவிடுகின்றன. ஒளி படாதவை பசையில் உள்ள கரைப்பானில் கரைந்து, எதிரே இருக்கும் ஏற்பு அடுக்குக்கு நகர்கின்றன. அங்கே தூவி வைத்திருக்கும் நுண்ணிய கருக்களைச் சுற்றிப் படிந்து கறுப்பாகின்றன. ஒளி படாத இடம் கறுப்பு, பட்ட இடம் வெள்ளை, ஆக நேர்ப்படம். இந்த நகர்வு முறையை 1930களின் கடைசியில் ஐரோப்பாவில் கெவார்ட் நிறுவனத்தின் ஆந்த்ரே ரொட்டும், ஆக்ஃபாவின் எடித் வைடேயும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டுபிடித்தார்கள். அதைக் கேமராவுக்குள் கொண்டுவந்தது போலராய்டை நிறுவிய அமெரிக்கர் எட்வின் லேண்ட். 1947 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் ஒளியியல் அறிஞர்கள் முன்னிலையில் செய்துகாட்டினார். 1948 நவம்பரில் பாஸ்டன் நகரின் ஒரு பல்பொருள் அங்காடியில் முதல் கேமரா விற்பனைக்கு வந்தது.

அந்த முதல் ஃபிலிம் கறுப்பு வெள்ளைகூட இல்லை, பழுப்பு நிறம். சரியான கறுப்பு வெள்ளை 1950இல்தான் வந்தது. வந்ததும் ஒரு சங்கடம்: படங்கள் வெளுக்கத் தொடங்கின. எடுத்த உடனே ஒரு திரவம் தோய்ந்த பஞ்சுக் குச்சியால் படத்தின்மேல் பூச வேண்டும் என்று நிறுவனம் சொல்ல நேர்ந்தது. நெடியோடு, பிசுபிசுப்போடு பல வருடங்கள் அது தொடர்ந்தது. கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய மெரோ மோர்ஸ், ஸ்மித் கல்லூரியில் கலை வரலாறு படித்தவர், வேதியியல்காரர் இல்லை. புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1940களின் கடைசியில் ஆலோசகராகச் சேர்ந்தார். சோதனை ஃபிலிம்கள் அவரிடம் போகும். குறிப்புகள் மோர்ஸுக்குத் திரும்பி வரும். சாம்பலின் படிகளைப் பற்றிக் கலைக்கண் உள்ளவர்கள் விவாதித்து உருவாக்கிய ஃபிலிம் அது. எந்தப் பதிப்பின் அட்டையிலும் மோர்ஸின் பெயர் இல்லாதது எனக்குக் குறைதான்.

2008 பிப்ரவரியில் போலராய்டு இன்ஸ்டன்ட் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த கடைசித் தொழிற்சாலையின் எந்திரங்களை ஃப்ளோரியன் காப்ஸ், ஆந்த்ரே போஸ்மன் இருவரும் சேர்ந்த குழு மீட்டது. நிறுவனத்துக்கு வைத்த பெயர் 'இம்பாஸிபிள் புராஜெக்ட்'. எந்திரம் கிடைத்தது, ஆனால் மூலப்பொருள் தந்தவர்கள் கடையை மூடிவிட்டிருந்தார்கள். ரசாயனத்தை முதலிலிருந்து உருவாக்க வேண்டியிருந்தது. 2010 மார்ச்சில் அவர்கள் முதலில் வெளியிட்டது பிஎக்ஸ் 100, பிஎக்ஸ் 600 என்ற 'சில்வர் ஷேட்' கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள். வண்ணத்தைவிட அடுக்குகள் குறைவு என்பதால் கறுப்பு வெள்ளையில் தொடங்குவதுதான் நடக்கிற காரியம்.

அந்த ஆரம்பகால ஃபிலிமைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும், அது என்ன பாடு படுத்தியது என்று. கேமராவிலிருந்து வெளிவரும் படத்தின்மேல் ஒரு கணம் வெளிச்சம் பட்டாலும் கெட்டுவிடும். எல்லோரும் அட்டையை ஒட்டி மறைத்துத்தான் எடுத்தார்கள். ஈரம் உள்ளேயே தங்கினால் நாளடைவில் பூஞ்சை போலப் படிகங்கள் கிளைத்துப் படத்தைத் தின்றுவிடும். சாம்பல் மெல்லப் பழுப்பாகும். ஆனால் இந்தத் தடுமாற்றத்தில்தான் சிறப்புப் பதிப்பு என்ற வழக்கம் வேரூன்றியது என்பது என் கணிப்பு. ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும் ஒவ்வொரு மாதிரி வந்தது. அதை மறைக்காமல் பெயர் சூட்டி, விளிம்பு மாற்றி, பரிசோதனை என்றே சொல்லி விற்றார்கள். வாங்கியவர்களும் தெரிந்தே வாங்கினார்கள். 2017இல் அந்த நிறுவனம் 'போலராய்டு ஒரிஜினல்ஸ்' ஆனது, 2020இல் வெறும் 'போலராய்டு' என்ற பெயரே திரும்பி வந்தது. இன்றைய ஃபிலிம் அந்த முதல் தொகுதிகளோடு ஒப்பிட முடியாத அளவு நம்பகமானது. பெயர் சூட்டும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ரசாயனத்தையே மாற்றிய பதிப்புகள் என்று சொன்னேனே, அவற்றில் முக்கியமானது 'டியூயோக்ரோம்' வரிசை. கறுப்பு அப்படியே இருக்கும், வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் வேறு நிறம். இசைக்கலைஞர் ஜாக் வைட்டின் 'தேர்ட் மேன் ரெகார்ட்ஸ்' நிறுவனத்துக்காக வந்த கறுப்பும் மஞ்சளும் கலந்த பதிப்பு பலருக்கு நினைவிருக்கும். அந்த நிறுவனத்தின் அடையாள நிறங்களே அவை. அதன்பின் வேறு நிறங்களும் வந்தன. வண்ண ஃபிலிம் தயாரிப்பில் மிஞ்சும் பொருளைக் கொண்டு செய்த 'ரிக்ளெய்ம்ட் ப்ளூ' இந்தக் குடும்பத்தின் தூரத்து உறவு. இந்த வகைப் பதிப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் கேள்வியே இல்லை. வீட்டில் எதைச் செய்தாலும் அந்த விளைவு வேறு ஃபிலிமில் வராது. ஆனால் முகங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். மஞ்சள் காமாலை வந்தவர் போலத் தெரிவதை எல்லோரும் ரசிப்பதில்லை. கட்டடம், மரக்கிளை, எழுத்துப் பலகை, உருவ நிழல் இவற்றுக்குப் பிரமாதம்.

வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பெட்டியில் தேடுங்கள். முதலில், அது உண்மையிலேயே கறுப்பு வெள்ளை ஃபிலிம்தானா? சிரிக்க வேண்டாம், நிறையப் பேர் இதில்தான் சறுக்குகிறார்கள். 'பிளாக் ஃபிரேம்' என்று போட்டிருப்பது விளிம்பின் நிறம் மட்டுமே. ஃபியூஜிஃபிலிம் நிறுவனத்தின் இன்ஸ்டன்ட் ஃபிலிமான இன்ஸ்டாக்ஸ் மினியில் கறுப்பு விளிம்போடு வருவதும், பழைய ஃபிலிம் சுருள் போல அச்சிட்ட 'கான்டாக்ட் ஷீட்' விளிம்பு வருவதும் வண்ண ஃபிலிம்கள். பெட்டியைப் பார்த்தால் சத்தியமாகக் கறுப்பு வெள்ளை என்றே தோன்றும். இன்ஸ்டாக்ஸில் கறுப்பு வெள்ளை வேண்டுமானால் 'மோனோக்ரோம்' என்ற சொல் இருக்க வேண்டும். அது 2016இல்தான் வந்தது. அதன் சாம்பல் குளிர்ச்சியானது, படத்துக்குப் படம் மாறாது. நம்பகம் வேண்டுபவர்களுக்கு அதுவே மேல். போலராய்டு போன்ற மனநிலை அதில் வராது, அது ருசியைப் பொறுத்தது.

இரண்டாவது, உங்கள் கேமராவுக்குப் பொருந்துமா? போலராய்டின் 600 வகை ஃபிலிம் 640 ஐஎஸ்ஓ, எஸ்எக்ஸ்-70 வகை 160 ஐஎஸ்ஓ. ஒளி உணர்திறனில் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வித்தியாசம். மாற்றிப் போட்டால் படம் வெளுத்துவிடும் அல்லது இருண்டுவிடும். போலராய்டின் புதிய கேமராக்களுக்கான ஐ-டைப் ஃபிலிமில் பேட்டரி கிடையாது. பழைய கேமராக்கள் ஃபிலிம் பொதிக்குள் இருக்கும் தட்டை பேட்டரியில்தான் ஓடுகின்றன, எனவே ஐ-டைப்பைப் போட்டால் கேமரா அசையவே அசையாது. தலைகீழாகப் பிரச்சினை இல்லை: 600 ஃபிலிமைப் புதிய ஐ-டைப் கேமராக்களில் தாராளமாகப் போடலாம். சிறப்புப் பதிப்புகள் பெரும்பாலும் ஏதாவது ஒரு வகையில் மட்டுமே வெளியாகும். அட்டையின் அழகில் மயங்கி இந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்டால் எட்டுப் படமும் வீண்.

மூன்றாவது, தயாரிப்புத் தேதி. போலராய்டு பெட்டியில் அச்சிடுவது காலாவதித் தேதி அல்ல, தயாரித்த தேதி. அதிலிருந்து 12 மாதங்களுக்குள் பயன்படுத்தச் சொல்கிறார்கள். இன்ஸ்டாக்ஸ் பெட்டியில் இருப்பது காலாவதி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'போன வருஷத்துத் தேதி, கெட்டுப்போயிருக்கும்' என்று நல்ல பெட்டியை விட்டவர்களும் உண்டு. விற்றுத் தீர்ந்த பதிப்பைக் கைமாற்றில் வாங்கும்போது இந்தத் தேதியின் படத்தைக் கேட்டு வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பிரிக்காமல் சேர்த்து வைப்பது பற்றிய என் அபிப்பிராயம் இதிலேயே தெரிந்திருக்கும். ஃபிலிம் என்பது தபால்தலை போல அலமாரியில் மதிப்பு ஏறும் பொருள் அல்ல. உறைக்குள் இருக்கும் பசை வருடத்துக்கு வருடம் காய்ந்துகொண்டே போகிறது. முதலில் ஓரங்களில் பரவாமல் நிற்கும், பிறகு நடுவிலும் திட்டுத் திட்டாக வெறுமை. பேட்டரியும் மெல்லச் செத்துவிடும். பத்து வருடம் கழித்துப் பிரிப்பவர் கையில் கிடைப்பது அழகான பெட்டியும், படம் ஆகாத எட்டுத் தாள்களும். சேகரிக்கும் ஆசை இருந்தால் வழி இருக்கிறது: ஃபிலிமை எடுத்துத் தீர்த்துவிட்டுப் பெட்டியை மடிக்காமல் வையுங்கள். புதுப் பொதியைப் போட்டதும் முதலில் வெளியே வருமே ஒரு மூடு அட்டை, அதில் பல பதிப்புகளில் தனி ஓவியமே இருக்கும். அதைக் குப்பையில் போடாதீர்கள். எடுத்த படங்களோடு சேர்த்து வைத்தால் வடிவமைப்பாளரின் முழு வேலையும் உங்களிடம் இருக்கும்.

எடுக்கும் வரை குளிர்பெட்டியில், 4 முதல் 18 டிகிரி செல்சியஸுக்குள், படுக்கைவாட்டில் வையுங்கள். உறைய வைக்கும் தட்டு கூடாது, பசை கெட்டுவிடும். எடுப்பதற்குச் சற்று முன்பே வெளியில் எடுத்துவைத்து, பெட்டி அறை வெப்பத்துக்கு வரட்டும்.

விலை கொடுத்து வாங்கிய பதிப்பை, பல மாதம் தொடாமல் கிடந்த கேமராவில் எடுத்த எடுப்பில் போடாதீர்கள். உருளைகளில் பழைய பசை ஒட்டியிருந்தால் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடைவெளியில் புள்ளிகள் விழும். ஈரத்துணியால் உருளைகளைச் சுழற்றிச் சுழற்றித் துடையுங்கள். முடிந்தால் ஒரு சாதாரணப் பொதியைப் போட்டுக் கேமராவின் குணத்தைத் தெரிந்துகொண்டு பிறகு இதற்கு வாருங்கள்.

வெப்பம் 13க்கும் 28க்கும் இடையில் இருந்தால் நல்லது. குளிர் மிஞ்சினால் படம் வெளுத்து, கறுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் குறைந்து சப்பென்று வரும். அப்படிப்பட்ட நாளில் படம் வெளிவந்ததும் சட்டையின் உள்பையில் உடல் சூட்டோடு வைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளை முழுதாகத் தெளிய 5 முதல் 10 நிமிடம் ஆகும். அதுவரை முகம் கீழாக வைத்து மறைத்திருப்பது இன்றைக்கும் நல்ல பழக்கம். உதறுவதால் பயன் இல்லை, அடுக்குகள் பிரியத்தான் வாய்ப்பு. பளிச்சென்ற வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்தில் தாங்கும் சக்தி இந்த ஃபிலிமுக்குக் குறைவு. வானம், முகம் இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்ற முயன்றால் இரண்டும் போகும். எதை இழக்கத் தயார் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். கறுப்பு விளிம்புப் பதிப்பென்றால் வெளிச்சக் கட்டுப்பாட்டை ஒரு படி இருட்டுப் பக்கம் தள்ளுவேன். வெள்ளைகளில் விவரம் தங்கும், அவற்றை எடுப்பாகக் காட்டும் வேலையை விளிம்பு பார்த்துக்கொள்ளும். எட்டுத் தாளுக்கும் வெவ்வேறு விளிம்பு உள்ள பதிப்பில் அடுத்து எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது, விளிம்புக்கேற்பக் காட்சி தேடும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

எடுத்த படங்களைச் சில வாரங்களுக்குக் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும் முன்பே பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்தால் பழுப்பேறும். சூரிய ஒளி நேரே விழும் சுவர் வேண்டாம். கறுப்பு விளிம்பில் சாதாரணப் பேனா எதுவும் பிடிக்காது. வெள்ளை நிற எண்ணெய் மைப் பேனா பிடிக்கும், காயும்வரை விரல் படாமல் இருந்தால். கீழ் விளிம்பில் எழுதுவதென்றால் அழுத்தாமல் எழுதுங்கள், உடைந்த உறையும் அதில் ஒட்டிய பசையும் அதற்குள்தான் இருக்கின்றன.